களைச்செடியின் வேர்த் தேநீர்

மாக்கினோஹாரா,
மே 10

அன்புள்ள வகானாவுக்கு,

இங்கே மாமாவும் நானும் சௌக்கியம். தேயிலையில் முதல் கொழுந்து பறித்து முடித்தாயிற்று. இடுப்பு இருக்கிறதா, போய்விட்டதா என்றுதான் இன்னும் தெரியவில்லை. நீயும் என் பிள்ளை தைஸுகேயும் நலமாகக் கவாசாகி போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். விடுமுறைக்கு வந்தீர்களே, அன்று காலை ஆலையிலிருந்து வந்த புதுத்தூளை ஊறவைத்து உன் முன்னால் வைத்தேன். எல்லாரும் குடித்தார்கள். நீ கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசனை அத்தை" என்று அப்படியே கீழே வைத்தாய். பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, கறுப்பாக எதையோ ஊற்றிக் குடித்தாய். பக்கத்து வீட்டு ஒகுமுரா அம்மாள் சும்மா இருப்பாளா? "என்னம்மா அது, காப்பியா?" என்றாள். நீ, தம்போப்போ வேரை வறுத்துச் செய்த டீ என்றாய்.

அடி பெண்ணே, அந்தத் தம்போப்போ எங்கள் வரப்பு முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. நான் குனிந்து குனிந்து பிடுங்கி எறிகிற களை அதுதான். "இதையெல்லாம் காசு குடுத்தா வாங்குறாங்க? சொல்லியிருந்தா ஒரு மூட்டை அனுப்பியிருப்பேனே!" என்று அவள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அந்தக் கிண்ணம் ஆறிப்போய்க் கிடந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. இந்த வீட்டில் இதுவரை முதல் கொழுந்தை யாரும் ஆறவிட்டதில்லை.

கோபம் இல்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். கல்யாணத்துக்கு நான் கொடுத்த தேநீர் மண்கெண்டியில் ஏதோ செடி வைத்து வளர்க்கிறாயே, அதையும் போன வருஷமே பார்த்தேன். சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன். புதுத்தூள் மூன்று பொட்டலம் அனுப்புகிறேன். ஒன்றையாவது பிரி.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தமாயோ

*

கவாசாகி,
மே 17

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் வணக்கம். இங்கே இருவரும் நலம். இடுப்பு வலி குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

பொட்டலங்கள் வந்தன. மிகவும் நன்றி. அன்று கிண்ணத்தை அப்படியே வைத்தது மரியாதைக் குறைவுதான். மன்னித்துவிடுங்கள். இப்போது சில நாளாகத் தேயிலை குடிப்பதைக் குறைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

என் அலுவலகத்தில் யாரிடமும் கெண்டி கிடையாது அத்தை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பாட்டில், ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு காரணம். தோல் பளபளக்க ஒரு தானியத் தேநீர், இடை மெலியக் கறுப்பு சோயா, வயிற்றுச் சிக்கலுக்கு ஒரு இலை, தூக்கத்துக்கு ஒரு பூ. நன்றாக இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எதற்கு நல்லது என்றுதான் கேட்பார்கள். பழகிவிட்டது.

கெண்டியிலிருந்த செடியை எடுத்துவிட்டேன். வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்.

பணிவுடன்,
வகானா

*

கவாசாகி,
மே 18

சினாமி அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நீ வேலை செய்யும் மலைவிடுதி திறந்துவிட்டதா? அங்கே இன்னும் பனி கிடக்குமே. கால் முட்டியைப் பார்த்துக்கொள். போன் எடுக்காத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது.

குழந்தைக்காகச் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தப் புது ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொன்னேன் அல்லவா, முடிவுகள் எல்லாம் வந்துவிட்டன. என்னிடம் ஒரு குறையும் இல்லை. டாக்டர் காகிதத்தைத் தைஸுகே பக்கம் திருப்பி வைத்து, மெதுவாகத்தான் சொன்னார். எண்ணிக்கை மிகக் குறைவு, இருப்பதும் ஓடவில்லை, தானாகக் குழந்தை தங்குவது கடினம் என்றார். தைஸுகே மூன்று முறை "சரிங்க" என்றார். குறை அவரிடம் என்றாலும் ஊசி எனக்குத்தான். கருமுட்டை என்னிடமிருந்துதானே எடுக்க வேண்டும்.

வெளியே வந்து தானியங்கிப் பெட்டியில் காப்பி டின் ஒன்று வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "அம்மாகிட்ட மட்டும் வேணாம்" என்றார். சரி என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

அப்புறம் நீ எதற்கடி அந்த வேரைக் குடிக்கிறாய் என்று கேட்பாய். தெரியவில்லை. காத்திருப்பு அறையில் எல்லாப் பெண்கள் மடியிலும் அதே நிறத் தண்ணீர் இருந்தது. உடம்புச் சூட்டுக்கு நல்லது, இரத்தத்துக்கு நல்லது என்றார்கள். கணவர்கள் காப்பி குடித்தார்கள். நானும் வாங்கினேன். கசப்பு. இரண்டு வருஷத்தில் எத்தனையோ குடித்துவிட்டேன், இப்போதெல்லாம் கசப்புகூட நாக்கில் சரியாகத் தெரிவதில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண், என் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "நீங்களும் குழந்தைக்கு முயற்சி பண்றீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து, வறுத்த தேயிலை என்று சீட்டு ஒட்டிய காலி பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோகிறேன். நிறம் ஒன்றுதான். யாருக்கும் தெரியாது.

அத்தை அனுப்பிய முதல் கொழுந்து அலமாரியில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

உன்,
வகானா

*

மாக்கினோஹாரா,
ஜூன் 4

என் தங்கமான வகானாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலமாகத்தான் இருக்க வேண்டும்! நாங்கள் இங்கே நலத்துக்கும் மேலே இருக்கிறோம்.

எனக்குப் புத்தி எங்கே போயிற்று, சொல்லு. நேற்று மருந்துக்கடையில் மாமாவுக்குப் பிளாஸ்திரி வாங்கப் போனேன். அலமாரியில் அதே தம்போப்போ வேர்த் தேநீர்! பொட்டலத்தில் மஞ்சள் பூ போட்டிருக்கிறது. கடைப் பெண்ணிடம், "இதை யாரும்மா குடிப்பாங்க?" என்று கேட்டேன். "மாசமா இருக்கறவங்கதான் நிறைய வாங்குவாங்க பாட்டி, இதுல காப்பி, டீல இருக்கற காஃபீன் கிடையாது, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். என்னைப் பாட்டி என்று சொன்னதற்காக வேறொரு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நேற்று அது காதில் தேனாக விழுந்தது.

கடை வாசலிலேயே நின்று தைஸுகேக்குப் போன் போட்டேன். "டேய், வகானா முழுகாம இருக்காளா?" என்று கேட்டேன். "ம்… ரயில்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்றான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெரிய விஷயம் என்றால் ஒரு "ம்"தான்.

நீயும் வாயைத் திறக்கவில்லையே, கள்ளி! மூன்று மாதம் தாண்டட்டும் என்று இருந்தாயா? அதுவும் சரிதான். நான் அந்தக் கிண்ணத்துக்காக உன்னைக் கடிந்து எழுதினேனே, அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

ஒகுமுரா அம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி, எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உப்பு பிளம் ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்புகிறேன், வாய்க்குச் சுகமாக இருக்கும். கனமானது எதையும் தூக்காதே. ரயிலில் யாராவது இடம் கொடுத்தால் வெட்கப்படாமல் உட்கார்.

உன் அத்தை,
தமாயோ

*

கவாசாகி,
ஜூன் 12

சினாமி அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கீழே மழை பிடித்துவிட்டது. மேலே பாதை திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

அத்தை நான் கர்ப்பம் என்று நினைத்துவிட்டார். நான் பச்சைத் தேநீர் குடிக்காமல் வேர்த் தேநீர் குடித்ததை வைத்து. தைஸுகேயிடம் போனில் கேட்டாராம். அவர் "ம்" என்றாராம்.

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார்.

"ஏன் இல்லைன்னு சொல்லல?" என்றேன்.

"இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேப்பாங்க."

"அப்புறம்?"

"அதுக்கு என்ன பதில் சொல்றது?"

"உண்மையைச் சொல்றது."

அவர் டி.வி.யைப் பார்த்தார். டி.வி. அணைத்துத்தான் இருந்தது. "அடுத்த தடவை நிஜமாவே தங்கிடுச்சுன்னா, இதுவே சரியாயிடும்ல?" என்றார். தேதி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

அக்கா, கேட்டால் நீ திட்டுவாய். ஜூன் எட்டாம் தேதி சோதனையில் இந்தத் தடவையும் இல்லை என்று வந்தது. மறுநாள்தான் ஊறுகாய் ஜாடி வந்தது. திறந்து ஒன்று சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலையும் வேர்த் தேநீர் போட்டேன். இல்லை என்று தெரிந்த பிறகும் கை தானாகக் கெட்டிலை வைக்கிறது. அத்தைக்கு என்ன எழுதுவது என்று சொல்.

உன்,
வகானா

*

கவாசாகி,
ஜூன் 13

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மாமாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தினமும் மழை. துணி காயவில்லை.

ஊறுகாய் வந்து சேர்ந்தது. சுவையாக இருந்தது. நீங்கள் எங்களை இவ்வளவு நினைப்பதற்கு நன்றி. நான் நன்றாக இருக்கிறேன். கனமான எதையும் தூக்கவில்லை.

இரண்டாம் பறிப்பு நல்லபடியாக நடக்கட்டும்.

பணிவுடன்,
வகானா

*

மலைவிடுதி,
ஜூலை 9

அடியே வகானா,

உன் இரண்டு கடிதமும் இன்றுதான் ஒன்றாக வந்தன. பனி விலகும்வரை தபால் மேலே ஏறவில்லை, பிறகு மழையில் பாதை சரிந்துவிட்டது, ஹெலிகாப்டரும் பறக்கவில்லை. மூன்று வாரமாகக் கூடத்தில் நூடுல்ஸும் டின் மீனும்தான். மற்றபடி நான் நலம், முட்டியும் நலம். நீ நலமில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டாம், உன் கையெழுத்தே போதும்.

என்ன எழுதுவது என்று கேட்கிறாய். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்: "இல்லை அத்தை" என்று எழுது. ஒரே வரி. இதற்குள் எழுதியிருப்பாய் என்று நினைக்க ஆசை. எழுதியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நீ என்ன மரக்கட்டையா? குறை அந்த மனுஷனிடம். ஊசி உனக்கு. கசாயம் உனக்கு. பொய்யும் உன் தலையில். அவர் செய்வது "ம்" ஒன்றுதான்! அதையாவது சரியான இடத்தில் சொன்னாரா?

இங்கே வருகிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடுதான் மலையேறுகிறார்கள். "டீ வேணாம், வெந்நீர் மட்டும் குடுங்க" என்பார்கள். "வெந்நீருக்கும் அதே காசுதான்" என்பேன். ஒருத்தியாவது சிரித்துப் பேசிக்கொண்டே குடித்துப் பார்த்ததில்லை. மாத்திரை விழுங்குகிற முகம். உன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. நான் அழுதால் இங்கே சோறு வடிக்க ஆளில்லை.

கொடுத்த வாக்கை மீற முடியாது என்றால், அவர் குறையைச் சொல்லாதே. ஆனால் கர்ப்பம் இல்லை என்பதையாவது சொல். இந்த மாதமே.

உன் அக்கா,
சினாமி

*

மாக்கினோஹாரா,
ஆகஸ்ட் 6

செல்ல மருமகளுக்கு,

வெயில் கொளுத்துகிறது. மாமா நிழலைவிட்டு வெளியே வருவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வாந்தி நின்றதா? உன் கடிதத்தில் வாந்தியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உனக்கு வாந்தியே இல்லை போலிருக்கிறது, கொடுத்துவைத்தவள். தைஸுகே வயிற்றில் இருந்தபோது எனக்குப் பச்சைத்தேயிலை வாடையே ஆகாமல் ஆலைப் பக்கம் போக முடியவில்லை. 

ஐந்தாம் மாதம் ஆயிற்றே, நேற்று பஞ்சாங்கத்தில் நாய் நாள், கர்ப்பிணிகளுக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்கிற நாள். மாமாவைச் சின்ன லாரியை எடுக்கச் சொல்லிக் கோயிலுக்குப் போனோம். நாய் மாதிரி நீ சிரமமில்லாமல் பெற்றெடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வயிற்றுக்குக் கட்டுகிற வெள்ளைக் கச்சை வாங்கினேன். பூசாரி உன் பெயரை எழுதி, மந்திரம் சொல்லி, முத்திரை வைத்துக் கொடுத்தார். மாமா காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் கும்பிட்டார். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றேன். "உனக்கெதுக்கு?" என்றார்.

கச்சையை இத்துடன் அனுப்புகிறேன். பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு ஒருநாள் நானே வந்து கட்டிவிடுகிறேன். முதல் தடவை மாமியார் கையால் கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் எனக்குத் தனி மெத்தை வேண்டாம், ஒரு மூலை போதும்.

அன்புடன்,
அத்தை

*

கவாசாகி,
ஆகஸ்ட் 10

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். வெயிலில் உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது என்று கவலையாக இருக்கிறது.

கச்சை வந்தது. அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியாது.

அத்தை, நான் கர்ப்பமாக இல்லை. மே மாதமும் இல்லை, இப்போதும் இல்லை. நாங்கள் குழந்தைக்காக இரண்டு வருஷமாகச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் தேயிலையை விட்டுவிட்டு அந்த வேரைக் குடித்தேன். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று ஜூன் மாதமே தெரியும். அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். நான் ஒன்றும் எழுதாமல் விட்டேன். என் தவறுதான்.

கோயிலில் மாமா கும்பிட்டதை நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதனால் நான் வருந்தவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் வர வேண்டிய அவசியமில்லை. இந்த முறை மூதாதையர் பண்டிகைக்கும் நாங்கள் வரவில்லை. கச்சையைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பதா என்று தெரிவித்தால் அதன்படி செய்கிறேன்.

மன்னிப்புக் கோரி,
வகானா

*

மாக்கினோஹாரா,
செப்டம்பர் 14

வகானாவுக்கு,

இங்கே ஏதோ நலமாக இருக்கிறோம். ஐந்து வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று வரவில்லை. பண்டிகை அன்று மாமா பூஜைமாடம் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

உன்மேல் கோபமில்லை. ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. சொன்ன வாய் என் வாய்தானே. வீடு வீடாகப் போய், "குழந்தை இல்லை, மருமக உடம்பு கொஞ்சம் சரியில்லை, வைத்தியம் நடக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் உனக்காகப் பாவப்பட்டார்கள். ஒகுமுரா அம்மாள்தான், "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஐஸ் மாதிரி பாட்டில் பாட்டிலாக் குடிச்சா வயிறு எப்படிச் சூடாகும்? சூடில்லாத வயித்துல எது தங்கும்?" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான். ஆனால் யோசித்துப் பார்த்தேன், அதில் விஷயம் இல்லாமலும் இல்லை.

மாசிபத்திரி இலையும் இஞ்சியும் காயவைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். நான் என் கையால் பறித்தது. கொதிக்கவைத்து, காலையும் மாலையும் குடி. கசக்கும், ஆனால் கருப்பைக்கு அவ்வளவு நல்லது. இன்னொன்று. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நாலைந்து மாதம் இரேன். வெந்நீர் ஊற்று பக்கத்தில் இருக்கிறது. உடம்பு சீராகிவிடும். தைஸுகேயை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. எதையும் வெளியே சொல்லாத பையன்.

யோசித்து எழுது.

தமாயோ

*

கவாசாகி,
அக்டோபர் 2

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கும் மாமாவுக்கும் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய இலைக்கட்டு வந்தது. சொன்னபடியே கொதிக்கவைத்தேன். இரண்டு கிண்ணத்தில் ஊற்றி ஒன்றைத் தைஸுகே முன்னால் வைத்தேன்.

"எனக்கெதுக்கு?" என்றார்.

"குடிச்சுப் பாருங்க."

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு கசக்குதே."

"ரெண்டு வருஷமா இப்படித்தான்" என்றேன்.

"அத்தைக்கு எழுதப்போறேன்" என்றேன். "வேணாம், நானே சொல்றேன்" என்றார். "எப்போ?" என்றேன். அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதனால் எழுதுகிறேன்.

அத்தை, என் வயிறு சூடாகத்தான் இருக்கிறது. என் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர் சொன்னார். குறை தைஸுகேயிடம். பிறந்ததிலிருந்தே இருக்கலாமாம், அவர் செய்த தவறால் வந்தது இல்லை, உங்கள் தவறாலும் இல்லை. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன். அவமானம் என்று நினைத்தார். அந்த அவமானத்தை நான் சுமந்தால் அது அவமானமாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, கேட்டதில்லை. நான் வேரும் இலையும் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வீடு வீடாகப் போய் என் உடம்பு சரியில்லை என்று சொன்னதைப் படித்தபோதுதான், வெகுநாளைக்குப் பிறகு எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கோபம் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

நான் வேலையை விடமாட்டேன். அங்கே வந்து தங்கவும் மாட்டேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, மரியாதையும் உண்டு. இரண்டையும் எழுதிவிட்டேன்.

உறையை ஒட்டாமல் தைஸுகேயிடம் கொடுக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு அவரே தபாலில் போடட்டும். போடாவிட்டால், இன்னொன்று எழுதுவேன்.

வகானா

*

மாக்கினோஹாரா,
அக்டோபர் 5

அன்புள்ள வகானாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் தபாலில் வரவில்லை. சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தைஸுகேயே எடுத்துக்கொண்டு வந்தான். தபால்பெட்டி வரை போனவன் அப்படியே ரயிலேறிவிட்டானாம். ஸ்டேஷனிலிருந்து உனக்குப் போன் செய்ததாகச் சொன்னான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "இதப் படிம்மா. நான் சொல்ல வேண்டியதை அவ எழுதியிருக்கா" என்றான்.

நின்றபடியே படித்தேன். மாமா வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பின்னாலேயே தைஸுகேயும் போனான். இருவரும் இருட்டும்வரை தேயிலைப் புதர் வெட்டினார்கள். இரவு மூவரும் சாப்பிட்டோம்.

நான் உனக்கு என்ன எழுத? கோயிலுக்குப் போனேன், கச்சை வாங்கினேன், இலை பறித்தேன், ஊரெல்லாம் போய் உன் உடம்பைப் பேசினேன். ஒரு தடவையாவது இந்தப் பெண்ணுக்கு என்ன என்று கேட்டேனா? நீயும் சொல்லவில்லை, சரி. நீ சொல்லும்படியாகவா நான் இருந்தேன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது வகானா. இரண்டு வருஷம் அந்தக் கசப்பைத் தனியாகக் குடித்திருக்கிறாய்.

வேலையை விடாதே. இங்கே வந்து தங்கவும் வேண்டாம். சிகிச்சை வேண்டுமா, போதுமா என்பதை நீயும் அவனும் முடிவு செய்யுங்கள். நான் அதில் தலையிடமாட்டேன்.

நேற்றுக் காலை ஒகுமுரா அம்மாள் ஒரு கூடை சீமைப்பனிச்சம்பழம் கொண்டுவந்தாள். தைஸுகே அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும், "தனியாவா வந்திருக்க? மருமக உடம்பு இன்னும் தேறலையா, பாவம்?" என்றாள். அவன் கையில் சாப்பாட்டுக் குச்சி அப்படியே நின்றுவிட்டது.

"மருமக உடம்புக்கு ஒண்ணுமில்ல. குறை என் பையன்கிட்டதான். நான்தான் விசாரிக்காம ஊரெல்லாம் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். அவன் எதிரிலேயே சொன்னேன். அவன் தலையைக் குனியவில்லை. "ஆமா, எனக்குத்தான்" என்றான்.

ஒகுமுரா அம்மாள் பழத்தை வைத்துவிட்டு வேகவேகமாகப் போனாள். இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

தமாயோ